சொந்தக்காரர் மனு

ஜன்னல் ஓரம் உங்களுக்கே இருக்கட்டும் அக்கா, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். பல்கலைக்கழக ஸ்டாப்புக்குத்தானே டிக்கெட் எடுத்தீர்கள்? கண்டக்டரிடம் சொன்னது காதில் விழுந்தது. மடியில் இருக்கிற நீலக் கோப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை வகுப்பு. பொதுக் கொள்கை. பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. சில வாரம் வந்து உட்கார்ந்து கேட்டால் ஒரு சான்றிதழ். பாடம் நடத்துகிறவர்களும் வாத்தியார்கள் இல்லை. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து ஆயிரம் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர்கள். சுகாதாரத் துறைக்காரர் ஒருவர், குடிநீர்க்காரர் ஒருவர், வருவாய்த் துறையிலிருந்து குலசேகரன் சார்.

குலசேகரன் சார் என் அப்பா.

அப்படித் திரும்பிப் பார்க்காதீர்கள். போன பேட்ச்காரர்களும் இப்படித்தான். "சார் பொண்ணா நீங்க" என்று கண்ணை விரிப்பார்கள். அடுத்தது, "என்ன படிக்கிறீங்க?" நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எதுவும் படிக்கவில்லை. பிளஸ் டூ அரையாண்டோடு நின்றுவிட்டேன். கடைவீதியில் ஒரு பாத்திரக்கடையில் பில் போடுகிறேன். பெயர் தாரணி. இன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், வைத்துக்கொள்ளட்டும்.

மாத்தூர் தாண்டும்வரை நேரம் இருக்கிறது. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் உங்கள் சாரைப் போய்ப் பாருங்கள்.

வீட்டில் அப்பா எப்படி என்று நினைக்கிறீர்கள்? வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அதற்கு வரி கட்டவேண்டும் என்பதுபோல இருப்பார். "ம்." "சரி." "அம்மாகிட்ட சொல்லு." இவ்வளவுதான் எனக்கு. ஓய்வு பெற்ற பிறகு பேப்பரும் சாய்வு நாற்காலியுமாக இருந்தார், அந்த இரண்டு மூன்று வார்த்தைகூடக் குறைந்துபோயிற்று. அப்புறம் இந்த வகுப்பு வந்தது. ஆளே மாறிவிட்டார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிவிடுவார். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்ப்பார். வாட்ஸப்பில் கட்டைவிரல் மட்டும் போடத் தெரிந்த மனுஷன், வகுப்பு குரூப்பில் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மையைப் போட ஆரம்பித்தார். அந்தப் பொம்மை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. எனக்கு வருவது, "சாவி எங்கே."

அதிலும் ஒருத்தி இருந்தாள். சஹானா. சட்டம் படித்தவள். போன பேட்சில் அவள்தான் எல்லாம். வகுப்பு முடிந்த பிறகும் சந்தேகம் என்று இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வருவாள். "வாங்கம்மா." "சொல்லுங்க சஹானாம்மா." "நல்ல கேள்விம்மா." அந்த 'ம்மா' இருக்கிறதே, அதை நான் சமையலறையில் நின்று எண்ணாத குறைதான். எனக்கு அவர் போடுவது 'ஏய்'. ஏய், மோட்டார் போடு. ஏய், கேட்டைச் சாத்து. ஒருநாள் அவரே எழுந்து சமையலறைக்கு வந்து அவளுக்குக் காபி கலந்தார். வாசற்படியிலிருந்து, "சர்க்கரை எவ்வளவும்மா?" என்று கேட்டுக் கேட்டுக் கலந்தார். நான் சர்க்கரையை விட்டு ஒரு வருஷமாகிறது. அவருக்குத் தெரியாது.

பொறாமை என்பீர்கள். ஆமாம், பொறாமைதான். இல்லை என்று சொல்ல நான் என்ன சஹானாவா?

முதல் வாரம் அவர் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, "வர்றியா? சும்மா வந்து உக்காரு" என்றார். எனக்கா தெரியாது? பை கனமாக இருந்தது. தூக்குவதற்கு ஆள் வேண்டும். கடை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இன்னொரு கூத்து கேளுங்கள். ராத்திரி சாப்பிடும்போது வகுப்புக்கான கேள்விகளை அம்மாவிடம் ஒத்திகை பார்ப்பார். "ஒரு பொண்ணு ஸ்கூலுக்குப் போகாம நின்னுட்டா, முதல்ல யாரு அவகிட்ட பேசணும்?" என்று சத்தமாகக் கேட்பார். அம்மாவுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். எதற்கு அவ்வளவு சத்தம்? நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அவருடைய ஒத்திகைக்கு நான் ஏன் உட்கார்ந்து கைதட்டவேண்டும்?

சரி, கதைக்கு வருகிறேன். அப்பா டி.ஆர்.ஓ.வாக இருந்தவர். கலெக்டருக்கு அடுத்த நாற்காலி. திங்கட்கிழமை திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் ஜனங்கள் மனுவோடு வரிசையில் நிற்பார்களே, அதில் உட்கார்ந்து கேட்டே வயசானவர். அவருக்கு ஒரு விதி உண்டு. சொந்தக்காரர் மனுவைத் தொடமாட்டார். எங்கள் ஆட்கள் யாராவது வரிசையில் வந்தால் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். "இது சொந்தக்காரர் மனு, நீங்க பாருங்க" என்று பக்கத்து அதிகாரியை உட்காரவைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். இதை வகுப்பில் உங்களுக்குப் பெருமையாகச் சொல்வார், பாருங்கள். தஞ்சாவூர் அத்தையின் பட்டா இப்படித்தான் கிடந்தது. அடுத்த அதிகாரி, 'டி.ஆர்.ஓ. அக்காவாச்சே, தப்பாகப் போனால் வம்பு' என்று பயந்துகொண்டு கையெழுத்தே போடவில்லை. ஊரில் எல்லோருக்கும் பட்டா வந்தது. அத்தைக்கு வரவில்லை. அத்தை இன்றைக்கும் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

ஊரார் விஷயம் என்றால் வேறு. புதுக்கோட்டைப் பக்கம் கல் உடைக்கிறவர் ஒருவர், மகளைப் பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்று மனு கொடுத்தார். அப்பா அன்றைக்கே ஜீப்பில் அந்தப் பெண்ணை உட்காரவைத்துக்கொண்டு போய், தலைமையாசிரியர் அறையில் நின்று, அவள் வகுப்பில் போய் உட்காரும்வரை நகரவில்லையாம். நான் அப்போது சின்னப் பெண். அந்த ஜீப்பில் நான் ஒருநாளும் ஏறியதில்லை. அரசாங்க வண்டி, குடும்பத்துக்கு இல்லை. அந்தப் பெண் ஏறினாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது, இன்றைக்கும் அவளை நினைத்தால் வயிறு எரிகிறது.

என் விஷயம் என்ன, ஒன்றுமில்லை. அப்பாவுக்கு மாற்றல் வந்துகொண்டே இருந்ததால் பிளஸ் ஒன்னுக்கு இங்கே தாமதமாக வந்து சேர்ந்தேன். நான் கேட்டது காமர்ஸ். கிடைத்தது பயாலஜி. எனக்குக் கணக்குப் பதிவு பிடிக்கும் அக்கா, தவளையை அறுப்பது பிடிக்காது. காமர்ஸில் இடமில்லை என்றார்கள். பிறகு தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அப்பா ஒரு வார்த்தை சொன்னா ஒரு பெஞ்ச் கூடப் போட்டுக்கலாம்மா" என்றார். ஒரு போன். இரண்டு நிமிஷம். நான் அப்பாவிடம் வந்து நின்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "என் பொண்ணுக்காக நான் பேசினா அதுக்குப் பேர் சிபாரிசு" என்றார். அவ்வளவுதான். மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஒன்றரை வருஷம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் ஏறவில்லை. அரையாண்டு மார்க் வந்த அன்று, இனிமேல் போகமாட்டேன் என்று பையைப் பரணில் தூக்கிப் போட்டேன். அம்மா அழுதாள், திட்டினாள், சாப்பிடாமல் கிடந்தாள். அப்பா என்ன செய்தார் தெரியுமா? என்னிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனபால் சித்தப்பாவை வரச்சொன்னார். விசாரிக்க. சிரிக்காதீர்கள், உண்மை. மகள் விஷயம், தான் தொடக்கூடாது, வேறு அதிகாரிக்கு மாற்றிவிட்டார்! சித்தப்பா பம்ப்செட் விற்கிறவர். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து என் எதிரில் உட்கார்ந்து, நீர்மூழ்கி மோட்டாரில் காயில் ஏன் அடிக்கடி கருகிப்போகிறது என்று ஒரு மணி நேரம் விளக்கினார். பாவம், அவருக்கு அதுதான் தெரியும். அப்புறம் வராந்தாவுக்குப் போய் அப்பாவிடம், "அவளுக்கு இஷ்டமில்லைண்ணே" என்றார். அப்பா, "சரி" என்றார். விசாரணை முடிந்தது.

அப்புறம் நான் கடைக்குப் போக ஆரம்பித்தேன். முன்பெல்லாம் அப்பாவின் சாயங்கால நடை பூங்காப் பக்கம்தான் போகும். இப்போது கடைவீதி வழியாகப் போகிறது, அந்த நெரிசலில். எங்கள் கடையைத் தாண்டும்போது மட்டும் நடை கொஞ்சம் மெதுவாகும். உள்ளே பார்க்கமாட்டார். எதிர்க் கடை போர்டைப் படித்துக்கொண்டே போவார். மகள் பில் போடுவது அவமானம், வேறென்ன. அவமானம் என்றால் பூங்காவுக்கே போகவேண்டியதுதானே?

இப்போதுதான் முக்கியமான இடம். போன மழையில் ஒரு திங்கட்கிழமை கல்லூரிகளுக்கு லீவு விட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு வகுப்பை லாப்டாப்பில் நடத்தினார், எங்கள் சாப்பாட்டு மேஜையில். நான் கடைக்குப் போக முடியாமல் உள் அறையில் படுத்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

"ஒரு அதிகாரி. என் நண்பர்னு வெச்சுக்குங்க. அவருக்கு ஒரு பொண்ணு" என்று ஆரம்பித்தார்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன் அக்கா. முழுக்க என் கதை. காமர்ஸ், தலைமையாசிரியை, ஒரு பெஞ்ச், ஒரு போன். பெயர் மட்டும் இல்லை. ஊரை வேறு மாவட்டமாக்கியிருந்தார். எனக்கு அவர் வைத்த பெயர், 'மனுதாரர்'. நான் எப்போது மனு கொடுத்தேன்? அந்த அதிகாரி போன் செய்திருக்கலாமா கூடாதா, எல்லோரும் சொல்லுங்கள் என்றார். ஒரு பையன், "ஒரு போன்தானே சார், பண்ணியிருக்கலாம்" என்றான். யாரென்று தெரியாது, நல்ல பையன். உடனே சஹானா. "பண்ணக்கூடாது சார். இவர் பண்ணினா நாளைக்கு எல்லாரும் பண்ணுவாங்க. போன் பண்ண ஆளில்லாத வீட்டுப் பிள்ளை எங்க போகும்?"

அப்பா, "சரியா சொன்னீங்கம்மா" என்றார்.

நல்லது. என் படிப்பு போனது சரி என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் அதோடு விட்டாளா என்றால் இல்லை. "ஆனா சார், ஸ்கூல்ல பேசாதது சரி. பொண்ணுகிட்டயும் ஏன் பேசல? ஏன் நின்னேன்னு அவர் ஒரு தடவைகூடக் கேக்கலையா? வீட்டுக்குள்ள எதுக்கு சார் விதி?" என்றாள்.

அது என் கேள்வி அக்கா.

பையைப் பரணில் போட்ட நாளிலிருந்து நான் வைத்திருந்த கேள்வி. அதை அவள் எடுத்து, அவள் வாயால், அவள் குரலில், அழகாகக் கேட்டுவிட்டாள். லாப்டாப்பில் யாரோ, "சார், லைன்ல இருக்கீங்களா?" என்றார்கள். அப்பா தண்ணீர் குடித்திருப்பார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏன்னா..." என்று தொடங்கினார்.

கேள்விதான் அவளுக்குப் போயிற்று, பதிலும் அவளுக்கா? இருபது பேர் கேட்ட பிறகு எனக்கா? வை-ஃபை பெட்டி என் அறையில்தான் இருக்கிறது. பிடுங்கிவிட்டேன்.

அந்தப் பதில் முதலில் எனக்கு வரவேண்டியது, அதனால் பிடுங்கினேன். இதில் தப்பு என்ன?

அவர் உடனே கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. நின்றுபோன திரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். செல்போன் அடித்தது, சஹானாவாகத்தான் இருக்கும், அதையும் எடுக்கவில்லை. வகுப்பு பாழாகிவிட்டதே என்ற வருத்தம். வெகுநேரம் கழித்து என் அறைக்கு வந்து, குனிந்து, வயரை அவரே எடுத்துச் சொருகினார். நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீ கேட்டுட்டிருந்தியா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

"சரி" என்று போய்விட்டார்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் ஏன் ஆமாம் என்று சொல்லவேண்டும்? ஆயிரம் பேரை விசாரித்த மனுஷன் அவர். பொய் சொல்கிறவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மழை விட்டுவிட்டது. வகுப்பு பல்கலைக்கழகத்தில். விட்ட இடத்திலிருந்து அவர் தொடங்கியிருப்பார், 'ஏன்னா'வுக்கு அப்புறம் இருந்ததைச் சொல்லியிருப்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்த ஊரில் இருபது பேருக்கு அது தெரியும். பஸ்ஸில் போகிறார்கள், டீ குடிக்கிறார்கள், என் அப்பா என்னிடம் ஏன் பேசவில்லை என்று தெரிந்துகொண்டே. எனக்குத் தெரியாது.

கடைசி வகுப்பு முடிந்ததும் சஹானா ஸ்வீட் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். அப்பா உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். கேட்டிலேயே மறித்தேன். "அந்த காமர்ஸ் பொண்ணு கேஸ்ல அப்புறம் சார் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைக்கிறீர்கள், பில் பாக்கி கேட்பதுபோலத்தான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "வகுப்புல பேசினது வெளிய போகக்கூடாதுன்னு சார் முதல் நாளே சொல்லியிருக்காங்க தாரணி. அதை நான் சொல்லக்கூடாது. அவங்களையே கேளுங்களேன்" என்றாள். கையைப் பிடித்துக்கொள்ள வந்தாள். கண்ணெல்லாம் ஒரு மாதிரி இருந்தது. நான் கையை உதறிவிட்டேன். பரிதாபப்பட அவள் யார்? விதி பேசுவதைப் பாருங்கள். அவருக்குப் பெண்ணாகப் பிறந்திருக்கவேண்டியது அவள்தான். இரண்டு பேரும் விதியைச் சாப்பிட்டுவிட்டு விதியைக் குடிக்கலாம்.

அதனால்தான் உங்களிடம், போய்க் கேட்டுவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. நீங்களும் சொல்லமாட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, நீங்களும் விதிக்காரர்தான். வகுப்பில் சேரலாம் என்றால் பிளஸ் டூ தேறியிருக்கவேண்டும் என்கிறார்கள். ஆனால் ஒரு வழி இருக்கிறது. இன்றைக்கு உங்களுக்கு 'மனு நேரம்'. தெரியாதா? சொல்லியிருப்பார்களே. பேட்சுக்கு ஒருநாள் அப்பா நடு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். சுற்று வட்டாரத்து ஜனங்கள் நிஜ மனுவோடு வருவார்கள். ரேஷன் கார்டு, சாக்கடை, முதியோர் பணம். யார் கேட்டாலும் எந்த ஆபீஸ், எந்த வாசல் என்று வழி சொல்வார். எப்படிக் கேட்கவேண்டும், எப்படிப் பேசவேண்டும் என்று நீங்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும். யார் வந்தாலும் திருப்பி அனுப்பக்கூடாது. வாசலில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள்.

நானும் வரிசையில் நிற்கப்போகிறேன். காகிதமெல்லாம் எழுதிவரவில்லை. வாயால் சொல்லிக்கொள்கிறேன். ஒரே கேள்விதான். ஐயா, நான் ஏன் நின்றேன் என்று நீங்கள் ஏன் கேட்கவில்லை? அவ்வளவுதான். அவருக்கு எதிரில் நின்று, அவரை ஐயா என்று சொல்லி, எல்லார் மாதிரியும்.

ஏர்போர்ட் தாண்டிவிட்டது பாருங்கள். சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன்.

என்னைப் பார்த்ததும் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். "இது சொந்தக்காரர் மனு" என்பார். உங்களில் ஒருவரைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லுவார். போன பேட்சாக இருந்தால் சஹானா ஓடிப்போய் உட்கார்ந்து, "சொல்லுங்கம்மா" என்று என்னையே கேட்டிருப்பாள். இந்த பேட்சில் யாரைக் கூப்பிடுவார்? உங்களைத்தான். நான் ஏறும்போதே பார்த்தேன், நீங்கள் முன்வரிசை ஆள். "நீங்க பாருங்கம்மா" என்பார். 'ம்மா' போடுவார். அது காதில் விழுந்தால் எழுந்து போகத்தான் தோன்றும், எனக்குத் தெரியும்.

போகாதீர்கள் அக்கா. வேறு யாரையும் போகவிடாதீர்கள். பக்கத்தில் யாராவது எழுந்தால் துப்பட்டாவைப் பிடித்து இழுங்கள். இது ஒன்றுதான் நான் உங்களிடம் கேட்பது. அவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும். அந்த நாற்காலி காலியாகவே கிடக்கட்டும். நான் எதிரில் நின்றுகொண்டே இருப்பேன், எனக்கு ஒன்றுமில்லை, கடையில் நாள் முழுக்க நின்று பழக்கம்.

அவருக்கு முட்டிவலி. ரொம்ப நேரம் நிற்க முடியாது. உட்கார்ந்துதான் ஆகவேண்டும்.